மாளிகையின் பின்கட்டு



ஒரு பெரிய வீட்டைப் பார்க்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எந்த வழியாக உள்ளே நுழைவோம்? வாயில் வழியாகத்தான் என்று நீங்கள் விடை சொல்வீர்கள். இதே கேள்வியை நான் வகுப்பறையிற் கேட்டிருந்தால், கடைசிப் பலகையில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் ஒருவனாவது எழுந்து, "எந்த வாயில், ஐயா?" என்று திருப்பிக் கேட்டிருப்பான். அவன் கேட்பதே சரியான கேள்வி. பெரிய வீடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாயில்கள் உண்டு. முன்வாயில் விருந்தினர்க்கும் உறவினர்க்கும் உரியது. பின்வாயில் நீர் சுமப்பவர்க்கும், விறகு பிளப்பவர்க்கும், சாணம் அள்ளுபவர்க்கும் உரியது. வரலாறு என்னும் பெரிய வீட்டுக்குள் நாம் இதுகாறும் முன்வாயில் வழியாகவே நுழைந்து பழகிவிட்டோம். இன்று ஒரு நாள் பின்வாயில் வழியாகச் சென்று பார்க்கலாம் என்பது என் விருப்பம்.

நான் நாமக்கல் பக்கத்திற் பிறந்து, சேலம், நாமக்கல் சமவெளியின் பள்ளிகளிலேயே ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். அகழாய்வு அறிஞன் அல்லேன். ஆனால், ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்கு முதன்முதலாகக் கற்பித்த விதி ஒன்று இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது. தெரிந்ததிலிருந்து தொடங்கித் தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பதே அவ்விதி. அதன்படியே, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றி முதலிற் சொல்கிறேன். பிறகு, மண்ணுக்குள் மறைந்துபோன ஒரு மன்னனின் மாளிகைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் இடையே, சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஒரு சிற்றூர். அவ்வூரில் ஒரு தொட்டிக்கட்டு வீடு இருந்தது. எங்கள் பக்கத்தில் அதனைப் 'பெரிய வீடு' என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். முன்னே அகன்ற திண்ணை. அதனை அடுத்து ஆசாரம். நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றத்தின் நான்கு புறமும் கல்லின்மேல் நிறுத்திய தேக்குமரத் தூண்கள். இவையெல்லாம் முன்கட்டு. சமையற்கட்டைத் தாண்டினால் பின்கட்டு. அங்கே தானியம் கொட்டி வைக்கும் தொம்பைகள், மாடுகளுக்கான கட்டுத்தரை, விறகுச் சாளை, நிலத்திற் பாதி புதைந்த பெரிய கல்லுரல், எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் வெந்நீர் அடுப்பு, அதற்கப்பால் கிளுவை வேலி, வேலியில் ஒரு சிறிய திட்டி வாயில்.

என் தாயைப் பெற்ற அம்மாயி அந்தப் பின்கட்டில் வேலை செய்தார். கோழி கூவுமுன் எழுந்து போவார். கம்பையும் சோளத்தையும் அந்த உரலிற் குத்திப் புடைத்துக் கொடுப்பது அவர் வேலை. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே வேலித் திட்டிக்குப் போய் நிற்பேன். ஒரு தேங்காய் ஓட்டில் கம்பங்கூழ் வந்து சேரும். குடித்துவிட்டு, ஓட்டைக் கழுவி வேலியிலேயே செருகி வைத்துவிட்டு வருவேன். எத்தனையோ நாள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அதன் முன்வாயிற் படியை ஒரு நாளும் மிதித்ததில்லை.

2019ஆம் ஆண்டில் அந்த வீட்டை இடித்தார்கள். உரியவர்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள், கூரையும் இறங்கிவிட்டது. இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போய் நின்றேன். முன்கட்டைப் பிரிப்பதற்குத் தேர்ந்த ஆட்கள் வந்திருந்தார்கள். தேக்குத் தூண்களையும், நிலைக்கதவையும், பித்தளைக் குமிழ்களையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சாக்குத் துணி சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். பழம்பொருள் வாங்குவோரிடம் அவற்றுக்கு நல்ல விலை உண்டு. பின்கட்டைப் பிரிப்பதற்கு ஒருவரும் வரவில்லை. மண் அள்ளும் இயந்திரம் ஒன்று வந்து, அரை நாளில் அதனை வாரித் தள்ளிவிட்டது.

அந்த இயந்திரம் மண்ணை வெட்டிய இடத்தில், ஓர் ஆள் இடுப்பளவுக்கு நிலத்தின் குறுக்குவெட்டு தெரிந்தது. நான் குனிந்து பார்த்தேன். மேலே செம்மண், அதன்கீழ் வெண்சாம்பல், பிறகு கரிய மண், மறுபடியும் சாம்பல். மடித்து வைத்த வேட்டியின் மடிப்புக்களைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக அவை இருந்தன. நடுவே பானை ஓடுகள். கண்ணாடி வளையல் துண்டு ஒன்று. சேலத்துப் பக்கத்து மாக்கல்லில் குடைந்த கல்சட்டி ஒன்றின் உடைந்த விளிம்பு. எத்தனை தலைமுறைப் பெண்கள் அள்ளிக் கொட்டிய சாம்பல் அது! அந்தச் சாம்பலில் ஒரு பிடியாவது என் அம்மாயியின் கை பட்டதாக இருக்கும் அல்லவா? நான் நின்றது அந்த எண்ணத்தினால்தான்.

இனி, தெரியாததற்குச் செல்வோம்.

எங்கள் மோகனூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் காவிரி, முக்கொம்பிற் பிரிந்து, வடகிளையாகிய கொள்ளிடமாகக் கிழக்கு நோக்கிச் செல்கிறது. அக்கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருப்பது கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் தன் படைகளைக் கங்கைக்கரை வரை செலுத்தி வென்ற பிறகு அமைத்த தலைநகரம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழராட்சி மறையும் வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்களுக்குத் தலைநகராய் விளங்கியது. அங்கே இன்று வானளாவி நிற்பது கோயில் ஒன்றே. அதற்கும் பழுது நேராமலில்லை. கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காக, 1836இல் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆயினும் கருவறையும் விமானமும் கல்லாலானவை, ஆதலால் நின்றன. மன்னன் வாழ்ந்த மாளிகையோ செங்கல்லாலும் மரத்தாலும் ஆனது, அது நிற்கவில்லை. கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், உட்கோட்டை என்னும் ஊரை அடுத்து, ஒரு மண்மேடாக அது கிடந்தது. மக்கள் அதற்கு மாளிகைமேடு என்று பெயரிட்டு நினைவை மட்டும் காத்து வந்தார்கள்.

1980ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அந்த மேட்டை அகழத் தொடங்கியது. விட்டு விட்டுப் பல ஆண்டுகள் அப்பணி நடந்தது. 2021இல் மீண்டும் விரிவாகத் தொடங்கியது. மண்ணை விலக்கியபோது சுட்ட செங்கற் சுவர்கள் வெளிப்பட்டன. மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள் கிடைத்தன. கூரையில் அடுக்கிய சிறிய தட்டை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இரும்பு ஆணிகளும் பிடிகளும், செப்புக் காசுகளும், தந்தப் பொருள்களும், கண்ணாடி வளையல்களும், கடல் கடந்து வந்த சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. 2022இல், பொன் முலாம் பூசிய செப்புக் காப்பு ஒன்றின் பகுதியும் கிடைத்தது.

அவ்வாண்டில்தான் நான் திருச்சி வழியாக அங்கே சென்றேன். செய்தித்தாளிற் காப்பின் படத்தைப் பார்த்துவிட்டுப் போனவன் நான். ஆனால் அங்கே என் கண்ணைக் கவர்ந்தவை ஆணிகள். துருவேறி, வளைந்து, விரல் நீளத்துக்கும் குறைவாயும் மிகுதியாயும் கிடந்த இரும்பு ஆணிகள். காப்பை அணிந்தவள் அரசகுலத்துப் பெண்ணாக இருக்கலாம். ஆணியை அடித்தவன் யார்? உலையிற் காய்ச்சித் தட்டியவன் யார்? துருத்தி ஊதிய சிறுவன் யார்?

சுற்றிலும் உள்ள ஊர்களின் பெயர்களைக் கேட்டேன். மெய்க்காவல்புத்தூர் என்று ஓர் ஊர். ஆயுதக்களம் என்று ஓர் ஊர். சுண்ணாம்புக்குழி என்று ஓர் ஊர். மன்னனின் மெய்காவலர் குடியிருந்த இடம், படைக்கலம் செய்து வைத்த இடம், கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு பதப்படுத்திய இடம் என்று இவற்றுக்கு அறிஞர்கள் பொருள் கூறுவர். இதனைக் கேட்டபோது எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. மன்னன் இருந்த இடம் ஆளில்லாத மேடாயிற்று. அவனுக்குக் காவல் நின்றவர்கள் இருந்த இடம் இன்றும் அடுப்புப் புகையும் ஊராயிருக்கிறது! முன்கட்டு அழிந்து, பின்கட்டு பிழைத்திருக்கிறது.

பெயர்கள் மட்டுமா? கல்வெட்டுக்களும் பின்கட்டைப் பற்றிப் பேசுகின்றன. சோழ அரண்மனைப் பணியாளர்கள் 'வேளம்' என்னும் பிரிவுகளாக அமைந்திருந்தனர். அவர்களுக்கெனத் தலைநகரிலே தனிக் குடியிருப்புக்கள் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில், உய்யக்கொண்டான் தெரிந்த திருமஞ்சனத்தார் வேளம், அருமொழிதேவத் தெரிந்த திருப்பரிகலத்தார் வேளம் என்பன போன்ற பெயர்கள் வருகின்றன. திருமஞ்சனம் என்பது நீராட்டு. பரிகலம் என்பது உண்கலம். அரசர் குளிப்பதற்கு நீர் எடுத்தவர்களும், உண்பதற்குக் கலம் இட்டவர்களும் தனித்தனிப் பிரிவினராயிருந்தார்கள் என்பது இதனால் தெரிகிறது. நம் நாட்டு வழக்கிற் சொன்னால், வெந்நீர் அடுப்பும் சமையற்கட்டும்தான் அவை. போரிலே சிறைப்பட்ட பகைவர் நாட்டுப் பெண்களும் வேளங்களிற் சேர்க்கப்பட்டனர். அரசர்களின் வெற்றியைப் பாடும் மெய்க்கீர்த்திகள் அதனையும் ஒரு வெற்றியாகவே சொல்லிச் செல்கின்றன. அந்தப் பெண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று மெய்க்கீர்த்தி சொல்லவில்லை. நானும் பாடம் நடத்தியபோது அதனைச் சொன்னதில்லை.

அந்த வேளத்துப் பெண்களிற் சிலர் கோயில்களுக்கு நந்தாவிளக்கு வைத்த செய்திகளும் உண்டு. ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டுமானால், நாள்தோறும் உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்க்காகத் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கோயிலுக்கு விடுவது அக்கால வழக்கம். பெரிய அரசியர் விளக்கு வைத்தார்கள். படைத் தலைவர்கள் வைத்தார்கள். அரண்மனையிற் பணி செய்த பெண்ணும் வைத்தாள். தன் பெயர் ஓரிடத்திலாவது கல்லில் நிற்க வேண்டும் என்று அவள் எண்ணியிருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இராசராசன் தஞ்சைக் கோயிலில் வெட்டுவித்த மற்றொரு பட்டியலையும் இங்கே நினைக்க வேண்டும். அங்கே நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தவர்கள் என்பதெல்லாம் வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களோடு, துணி வெளுக்கும் ஈரங்கொல்லி, தையற்காரர், குயவர், கன்னார் முதலிய பணியாளர்க்கும் பங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே ஈரங்கொல்லிக்கும் கல்லில் இடம் தந்த நாடு நம் நாடு. ஆனால் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டின் கணக்கேட்டில், குத்துக்கூலி இவ்வளவு என்று மட்டுந்தான் எழுதியிருந்தது. குத்தியவள் பெயர் இல்லை.

பெயர் எழுதி வைக்காத இடத்தில், மண்தான் ஏடு. அந்த ஏட்டை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். அகழாய்வாளர்கள் நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்துகொள்வார்கள். இரு சதுரங்களுக்கு இடையே, வயலுக்கு வரப்பு விடுவதுபோல, மண்சுவர் ஒன்றை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அந்தச் சுவரிலேதான் மண்ணடுக்குகள் தெரியும். மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது. மரக்கம்பம் நட்ட குழி, கம்பம் மட்கிப் போனாலும் வேறு நிறமுள்ள வட்டமாக நிற்கும். அவ்வட்டங்களை இணைத்தால் ஒரு கொட்டகையின் அளவு கிடைக்கும். சாம்பலும் சுட்ட மண்ணும் சேர்ந்திருந்தால் அடுப்பு. இரும்புக் கசடு கிடந்தால் கொல்லன் உலை. அடுப்படி மண்ணை நீரிற் கரைத்தால், கருகிய தானியம் மேலே மிதக்கும். நெல்லா, வரகா, தினையா என்று அதனைக் கொண்டு சொல்லிவிடலாம்.

இதில் ஒரு வியப்பு உண்டு. முன்கட்டைக் காட்டிலும் பின்கட்டே அகழாய்வாளர்க்கு மிகுதியாகச் செய்தி சொல்லும். ஏன் தெரியுமா? முன்கட்டை நாள்தோறும் பெருக்கித் துடைத்துவிடுகிறார்கள். அங்கே ஒன்றும் தங்குவதில்லை. அங்கே உடைந்த கலமும், உண்டு கழித்த எலும்பும், அறுந்த மணியும் எங்கே போகும்? பின்கட்டுக் குப்பைக் குழிக்குத்தான் போகும். ஆகவே முதலாளி என்ன உண்டான் என்பதையும் வேலையாளின் குப்பைக்குழிதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வகையிற் பின்கட்டைத் தேடி அகழ்ந்ததற்கு, உலகறிந்த சான்று ஒன்று அமெரிக்க நாட்டில் இருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தில், ஒரு குன்றின்மேல், மாண்டிசெல்லோ என்னும் நாட்டுப்புற மாளிகை உள்ளது. அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவராகிய தாமஸ் ஜெபர்சன் தாமே வரைந்து கட்டிக்கொண்ட வீடு அது. மாந்தர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று 1776ஆம் ஆண்டு விடுதலை அறிக்கையில் எழுதியவர் அவரே. ஆனால், தம் வாழ்நாளில் அவர் உடைமையாகக் கொண்டிருந்த அடிமைகள் 600க்கும் மேற்பட்டவர். அவ்வீட்டின் சமையற்கூடமும் பணியறைகளும் குன்றின் சரிவுக்குள் அடங்குமாறு கட்டப்பட்டிருந்தன; முன்வாயிலில் வந்திறங்கும் விருந்தினரின் கண்ணுக்கு அவை தெரியமாட்டா. வீட்டை ஒட்டி, மல்பெரி வரிசை என்று ஒரு பாதை. மல்பெரி என்பது நம் முசுக்கட்டை. அம்மரங்கள் நின்ற அப்பாதையின் ஓரத்தில், கொல்லுப்பட்டறையும், தச்சுப்பட்டறையும், அடிமைகளின் மரக்குடில்களும் இருந்தன. காலப்போக்கில் அவை பெரும்பாலும் மறைந்தன. மாளிகை மட்டும் நின்றது. பார்க்க வந்தவர்கள் மாளிகையைப் பார்த்து மகிழ்ந்து சென்றார்கள்.

1980ஆம் ஆண்டுகளில் வில்லியம் கெல்சோ என்னும் அகழாய்வறிஞர் அப்பாதையோரத்தை அகழ்ந்தார். குடில்களின் அடித்தளங்களும், அங்கே வாழ்ந்தவர்கள் புழங்கிய பொருள்களும், பட்டறைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆணிப் பட்டறை. ஜெபர்சன் 1794இல் அதனைத் தொடங்கினார். அங்கே ஆணி அடித்தவர்கள் யார் என்று எண்ணுகிறீர்கள்? சிறுவர்கள். பத்து வயது முதல் பதினாறு வயது வரை ஆண்பிள்ளைகள் ஆணி அடிக்க வேண்டும், பெண்பிள்ளைகள் நூல் நூற்க வேண்டும் என்று ஜெபர்சன் தம் பண்ணைக் குறிப்பில் விதித்திருக்கிறார்.

பத்து முதல் பதினாறு வயது! நேயர்களே, ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. என் பள்ளியில் என் முன்னே உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வயது அது. அதனைப் படித்த அன்று, மாளிகைமேட்டிற் பார்த்த வளைந்த ஆணிகள் மறுபடியும் என் கண்முன் வந்தன.

அம்மாளிகையிலே மற்றொரு செய்தியும் உண்டு. சரிவுக்குள் மறைந்த அப்பணியறைகளில் ஒன்றை, 1941இல் பார்வையாளர்களுக்கான கழிப்பறையாக மாற்றியிருந்தார்கள். பின்னர் அதனைப் பிரித்து ஆராய்ந்து, பழைய தரையையும் அடுப்பிடத்தையும் வெளிக்கொணர்ந்தார்கள். சாலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப் பெண் அப்பகுதியில் வாழ்ந்தவர் என்று கருதப்படுகிறது. ஜெபர்சனின் மக்களைப் பெற்றவர் அவர் என்பதை, அவ்வீட்டைப் பேணிவரும் அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2018இல் அவ்வறையை அவர் நினைவுக்குரிய காட்சியிடமாகத் திறந்துவைத்தார்கள். ஒரு வீட்டுக்கு உரியவர்களே தங்கள் பின்கட்டைத் திறந்து காட்டுவதற்கு, எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

பிறரைச் சொல்லிவிட்டேன், இனி என்னைச் சொல்ல வேண்டும்.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது ஒரு விழா நடந்தது. அதே ஊரின் அதே பெரிய வீட்டில் எங்களுக்கு விருந்து. அன்றுதான் நான் முதன்முறையாக முன்வாயிற் படியேறினேன். வீட்டுக்குரிய பெரியவர் என்னை ஆசாரத்தில் நாற்காலியில் அமர்த்தி, தம் கையாலேயே காப்பி கொடுத்தார். "இதற்குமுன் இங்கே வந்திருக்கிறீர்களா, ஐயா?" என்று அன்போடு கேட்டார். அவர் கேள்வியிலே ஒரு குறையும் இல்லை. "இல்லை, இதுதான் முதன்முறை" என்று நான் விடை சொன்னேன்.

பொய் சொல்லக்கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளைக் கண்டித்தவன் நான். அம்மாயியின் உரல் அப்போது முப்பது அடி தூரத்தில் இருந்தது. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. என்னை மறுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பிள்ளைகளுக்குச் சோழர் மாளிகையைப் பற்றிப் பாடம் நடத்தியபோதெல்லாம், ஆதிபூமி என்றும் அரியணை என்றும் முழங்கினேனே, அங்கே நீர் எடுத்தவள் யார் என்று ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை? கேட்டால் விடை என் வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்று உள்ளுக்குள் அஞ்சினேன் போலும். வரலாற்றாசிரியர்கள் பின்கட்டை மறந்தார்கள் என்று குறை கூறுவது எளிது. பின்கட்டிலிருந்து வந்தவனே அதனை மறைத்தான் என்பதை ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

அந்த வீட்டை இடித்த அன்று, மாலை வரை நின்றேன். இயந்திரம் புரட்டிப் போட்ட மண்ணில், உரல் ஒருபுறமாகச் சாய்ந்து கிடந்தது. உலக்கை விழுந்து விழுந்து அதன் குழி, நடுவிலிருந்து சற்றே ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. அது வேண்டுமா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம் என்றார்கள். சிறிய சரக்கு வண்டி ஒன்றை அமர்த்தி, நான்கு பேரைக் கொண்டு ஏற்றினேன். வண்டியோட்டி என்னைப் பார்த்து, "எதுக்குங்க சார் இந்தக் கல்லு? வீட்டுல கிரைண்டர் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இது எங்க அம்மாயி குத்தின உரலுங்க" என்றேன்.

அவர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "எங்க பாட்டியும் அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டு, ஆடாமலிருக்க உரலுக்கு அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்தார். என் வாயிலிருந்து அந்த உண்மை வெளிவந்தது அதுவே முதன்முறை. அதன் பிறகு அது எளிதாகிவிட்டது.

அந்த உரல் இன்று என் வீட்டுத் திண்ணையோரம் இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் வந்து அதன் தேய்ந்த குழிக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள். குழி ஏன் நடுவில் இல்லாமல் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்று நான் அவர்களைக் கேட்பேன். ஒரு சிறுமி சற்று நேரம் சிந்தித்துவிட்டு, "குத்தினவங்க எப்பவும் ஒரே பக்கமா நின்னிருப்பாங்க" என்று சொன்னாள். எந்தப் பயிற்சியும் பெறாமலே அவள் அகழாய்வாளர்போலப் பேசினாள். அன்றிரவு நான் நினைவைத் தேடிப் பார்த்தேன். ஆம், என் அம்மாயி வேலியைப் பார்த்தபடிதான் நின்று குத்துவார். பள்ளிக்கூடம் விட்டு நான் வருகிறேனா என்று பார்ப்பதற்கு.

நேயர்களே, உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. எல்லாரும் மாளிகைமேட்டுக்குப் போக இயலாது. போய்ப் பார்த்தால் நல்லது. ஆனால் உங்கள் ஊரிலும் ஒரு பெரிய வீடு இருக்கும். அல்லது இருந்த இடம் இருக்கும். அது இடிபடுமுன், வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்று, தாளில் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். முன்கட்டை வரைந்ததோடு நிறுத்திவிடாமல், அடுப்பு எங்கே, உரல் எங்கே, கட்டுத்தரை எங்கே, திட்டி வாயில் எங்கே என்று குறிக்கச் சொல்லுங்கள். பிறகு, அங்கே வேலை செய்தவர்கள் யார் யார் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அவர்களின் பெயர்களை அந்தப் படத்தின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். மண்ணைக் கையால் தோண்ட வேண்டாம். அது பயின்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. பெயரைத் தோண்டுங்கள், அதற்கு எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

கூலி எழுதிய ஏட்டில் விடுபட்டுப்போன பெயர் ஒன்றை, இன்று இந்த வானொலியில் நான் சொல்லி முடிக்கிறேன். அந்த உரலிற் குத்தியவர் பெயர் பழனியம்மாள்.